மலர்கொடி திருகிய சக்கரம்

கீழ்வேளூர்ப் பக்கத்தில் மலர்கொடிக்கு மடை திறக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புருஷன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன நாளிலிருந்து மூன்று மா குத்தகை நிலத்துக்கு அவள்தான் தண்ணீர் பாய்ச்சுகிறாள். எவ்வளவு பாய்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

ஆறு வயது மகள் தர்ஷினிக்குத் தொடை எலும்பில் சீழ். ஆறு மணிக்கொரு தரம் டிரிப்ஸில் ஒரு மணி நேரம் மருந்து இறங்கும். அடுத்த மருந்துக்குச் சற்று முன் ரத்தம் எடுத்து, உடம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் கிட்னிக்கு ஆகாது.

மருந்து இறங்கும்போதெல்லாம் பிள்ளைக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும். "மெதுவா விடும்மா. நர்ஸக்காகிட்ட சொல்லாத" என்று கெஞ்சும். குழாயில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. இதுவும் ஒரு மடைதானே? நர்ஸ் பிரதீபா அந்தப் பக்கம் போனதும் மலர்கொடி அதைத் திருகிக் குறைத்தாள். ஒரு மணி நேர மருந்து ஐந்து மணி நேரம் சொட்டியது. வார்டில் அன்றைக்கு ஏகப்பட்ட கூட்டம், யாரும் கவனிக்கவில்லை. அரிப்பு நின்றதில் தாயும் மகளும் கூட்டுக் களவாணிகளாகச் சிரித்துக்கொண்டார்கள். சொட்டி முடிந்த கொஞ்ச நேரத்தில் ரத்தமும் எடுத்துப் போனார்கள்.

மறுநாள் காலை டாக்டர் செம்மொழி ரிசல்ட்டைப் பார்த்து முகம் சுருங்கினார்.

"அளவு ரொம்பக் கூடியிருக்கு. கிட்னி மருந்த வெளிய தள்ளல போல. நிறுத்திட வேண்டியதுதான்."

"நிறுத்திட்டா காலு, டாக்டர்?"

"வேற மருந்து பாக்கலாம்மா. இந்த அளவுக்குக் கேக்குமான்னு சொல்ல முடியாது."

தான் சக்கரத்தைத் திருகியதுதான் காரணமோ என்று மலர்கொடிக்கு உறைத்தது. சொன்னால் வார்டை விட்டே விரட்டிவிடுவார்களோ என்று பயம். சொல்லாவிட்டால் பிள்ளையின் கால். தர்ஷினி வேறு முந்தானையைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டியது. ஓடி ஒளிய ஒரு மூலைகூட இல்லை.

"நான்தாங்க நேத்து டிரிப்ஸ் சக்கரத்தத் திருகிக் கொறச்சேன், அஞ்சு மணி நேரம் சொட்டுச்சு. புள்ள அரிக்குதுன்னு அழுதுச்சு."

டாக்டர் ரிசல்ட்டில் ரத்தம் எடுத்த நேரத்தைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா நாங்களே பாத்து மெதுவா விட்டிருப்போமேம்மா. மருந்து எறங்கி முடிஞ்ச உடனே எடுத்ததாலதான் அளவு கூடக் காட்டியிருக்கு, இப்ப அந்த ரத்தம் வீண். மருந்த ஒழுங்கா ஏத்தி மறுபடி எடுக்கணும்."

விரட்டவில்லை. அதற்கே மலர்கொடிக்குக் கண் நிறைந்தது.

சாயங்காலம் பிரதீபா ஊசியோடு வந்தாள். இரண்டு இடத்தில் குத்தியும் பிஞ்சுக் கையில் நரம்பு அகப்படவில்லை.

"அசையாம புடிச்சுக்குங்கக்கா."

மலர்கொடி மகளின் தோளை இறுக்கிப் பிடித்தாள். தர்ஷினி அழவில்லை. அம்மாவின் பக்கமே திரும்பாமல் நர்ஸிடம் சொன்னது:

"நீங்களே புடிச்சுக்குங்க. அம்மாவ வெளிய போகச் சொல்லுங்க."

மலர்கொடி பிடியை விடவில்லை. விட்டால் இன்னொரு இடத்தில் குத்த வேண்டியிருக்கும்.