கொடியில் கிடந்த சிவப்புச் சீலை

விமானப் பாதை போடும் செயலியில் இரத்மலானையிலிருந்து பலாலிக்குக் கோடு இழுத்தேன். இடையில் எங்கள் ஊரான வங்காலை பெயரே இல்லாமல், கடலோரத்தில் வெறும் பச்சையாகக் கிடந்தது.

"அதில ஒண்டுமில்லை, நேர போங்கோ," என்றார் எனக்கு விமானம் ஓட்டப் பழக்கும் பயிற்சியாளர்.

போர்க்காலத்தில் விமான இரைச்சல் கேட்டதும் தெருவே பங்கருக்குள் ஓடும். ஈரமணலும் கருவாடும் மணக்கும் அந்தக் குழிக்குள்ளிருந்து சித்தி கத்துவார்: "அக்கா, கொடியில கிடக்கிற சிவப்புச் சீலையை எடுங்கோ! மேல தெரியும்!"

அம்மா ஒருநாளும் எடுத்ததில்லை. "தெரியட்டுமடி. இஞ்ச ஆக்கள் இருக்கினம் எண்டு பாத்திட்டுப் போகட்டும்."

நேர்கோட்டை விரலால் கடற்கரைப் பக்கம் இழுத்தேன். அந்தப் பச்சையில் சிவப்புப் புள்ளி வைத்து, 'வங்காலை' என்று எழுதினேன்.

"ஏன் சுத்திப் போறீங்கள்?"

"இஞ்ச ஆக்கள் இருக்கினம், சேர்."