எந்தப் பக்கத்து வாய்க்கால்?

இன்று மழை விட்டதும், பாண்டி மாநிலத்துப் பூவத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியைக் கழுவக் கொடுத்தேன்.

கடையின் ஆயிலும் நுரையும் மழைத்தண்ணீரோடு சேர்ந்து எல்லை வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தன. அங்கே மீன் குஞ்சுகள் செத்து மிதந்தன.

"என்னண்ணே, வாய்க்கால்ல விடுறீங்களே?" என்றேன்.

"அது தமிழ்நாட்டு வாய்க்கால்ங்க. நம்ம பாண்டி இந்தக் கரையோட முடிஞ்சிடுச்சு" என்றார் கடைக்காரர்.

பாலம் தாண்டிப் போனேன். எதிர்க்கரைக் கறிக்கடைக்காரர், வாசலில் தேங்கிய தண்ணீரைக் கோழி இறகோடு அதே வாய்க்காலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இது பாண்டிக்காரங்க வாய்க்கால் தம்பி. அவங்கதான் பார்க்கணும்" என்றார்.

சண்டை போடத் தெம்பில்லை. திரும்பி வந்தால் என் வண்டி பளபளவென்று நிற்கிறது. அதன் அழுக்கும் வாய்க்காலில்தான்.

இந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கத்து ரேஷன் கார்டு என்று தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள்.