ஸ்பெயின்காரனின் சோத்துக்கை

நேற்றுக் கைபேசியில் ஒரு காணொளி. ஒருகாலத்தில் விம்பிள்டன் புல்லை உழுதுகொண்டு ஓடிய அந்த ஸ்பெயின்காரன், முன்மயிர் கொட்டி, கோட்டும் சூட்டுமாய் ஏதோ விழாவில் நின்று கை காட்டுகிறான். டென்னிஸை விட்டபிறகு ஆள் நல்லாய்ச் சாப்பிடுகிறான் போல. எந்தக் கையைக் காட்டுகிறான் என்றுதான் நான் முதலில் பார்த்தேன். பழக்கதோஷம்.

சிரிக்காதீர்கள், என் பிழைப்பு சில காலம் அவனுடைய முழங்காலில்தான் தங்கியிருந்தது. ஜெர்மனியில் பீட்சாக் கடையொன்றில் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்த புதிது. டூட்டிங்கில் மணியண்ணையின் சாப்பாட்டுக்கடையில் பரிமாறச் சேர்ந்தேன். நான் பிறவி இடக்கையன். ஜெர்மன்காரர் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. டூட்டிங்கில் முதல் அகப்பை சாம்பாரை அள்ளியதுமே, வேட்டி கட்டிய ஒரு பெரியவர் சோறு போட்ட கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

“தம்பி, உது எந்தக் கை?”

மணியண்ணை என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். “சோத்துக்கையால விடடா! சனம் இனி இந்தப் பக்கம் வருமே?”

“அண்ணை, எனக்கு இதுதான் சோத்துக்கை. இதாலதான் சாப்பிடுறனான்.”

“விசர்க்கதை கதையாதை. போய்க் கோப்பை கழுவு.”

கழுவினேன். சவர்க்காரத்தில் விரலெல்லாம் வெடித்தது. வலக்கையால் அகப்பை பிடித்துப் பழகியும் பார்த்தேன். சாம்பார் கோப்பையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழுந்தது. வேலையை விட்டுவிடலாமென்று இருந்தேன். கோப்பை கழுவுவது கேவலமென்றில்லை. என் கையைப் பார்த்து ஒரு மனுசன் சாப்பாட்டை மூடினானே, அந்த அவமானம்தான் நித்திரையைக் கெடுத்தது.

அப்போதுதான் கோடை வந்தது, டென்னிஸும் வந்தது. கடைத் தொலைக்காட்சியில் ஸ்பெயின்காரன். ஒவ்வொரு பந்துக்கு முன்னும் மூக்கைத் தொட்டு, காதைத் தொட்டு, பின்பக்கக் காற்சட்டையை இழுத்துவிட்டுத்தான் அடிப்பான். எங்கள் ஐயர்மாரிடம்கூட இவ்வளவு கிரியை கிடையாது. ஆனால் அடித்தானென்றால் அடிதான். ஒருநாள் அவன் வென்றதும் கடைமுழுக்க எழும்பி நின்று கைதட்டியது, கோப்பையை மூடிய அந்தப் பெரியவர் உட்பட. நான் நுரைக்கையோடு வெளியே வந்தேன்.

“அண்ணை, உவன் எந்தக் கையால வெண்டவன்?”

கடைமுழுக்கத் திரும்பி, மட்டை பிடித்திருந்த அவன் இடக்கையைப் பார்த்தது. மணியண்ணை தலையைச் சொறிந்தார். “சரியடா, பெரிய அப்புக்காத்து வழக்குப் பேச வந்திட்டார். அவன் வெல்லுமட்டும் நீ சாம்பார் விடு. தோத்தானெண்டா உள்ள போ.”

அன்றிலிருந்து அவன் முழங்கால் என் முழங்கால். அவனுக்கு வலி என்று செய்தி வந்தால் எனக்குச் சோறு இறங்காது. லூயிஷாம் கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தேன். நட்சத்திரம் என்னவென்று ஐயர் கேட்டபோது, “நட்சத்திர வீரர்தான் ஐயா” என்று உளறினேன். அவர் சுவாமி பெயருக்கே செய்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம், கடை நிறையச் சனம். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வங்கியில் வேலை செய்யும் ஒரு பொடியன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னான்: “உவன் பிறவியில வலக்கைதான் அண்ணை. ஆட்டத்துக்கு மட்டும்தான் இடக்கை.”

பெரியவர் நிமிர்ந்தார். “அப்ப அவன்ர சோத்துக்கை?”

“வலக்கைதான்.”

சாம்பார் வாளியை மேசையில் வைத்தேன். துரோகி! எனக்காக ஒருநேரச் சோற்றையாவது இடக்கையால் தின்றிருக்கக் கூடாதா? எல்லாரும் மணியண்ணையைப் பார்த்தார்கள். நான் குசினிக் கதவைப் பார்த்தேன்.

மணியண்ணை மேசைக்கு வந்து, ஒரு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “அவன் தின்னுறதைப் பாக்கவே சனம் விம்பிள்டனுக்குப் போகுது? கண்டறியாத கதை. தம்பி, விடு சாம்பாரை. ஆறப்போகுது.”

அதுவரை என் கையால் அவர் ஒருநாளும் வாங்கிச் சாப்பிட்டதில்லை. விட்டேன். ஒரு துளி வெளியே சிந்தவில்லை. பெரியவரும் முனகிக்கொண்டு கோப்பையை நீட்டினார்.

ஸ்பெயின்காரன் ஓய்வு பெற்றபோது மணியண்ணைக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்திருந்தது. ஸ்ட்ரெதம் வீட்டுக்குப் பார்க்கப் போவேன். சாப்பாட்டு நேரமென்றால் இடக்கையில் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, “அங்கால திரும்படா, பாக்காதை” என்று அதட்டுவார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று சிரித்திருக்கிறேன், அழுதும் இருக்கிறேன்.

போன மாரியில் அவரும் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது முடிவெட்டுகிறார்கள். சாப்பாட்டைச் சைக்கிள்காரப் பொடியன்கள் பையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். எந்தக் கை அள்ளியது என்று ஒருவரும் கேட்பதில்லை. வேறொரு கடையில் நான் இடக்கையால்தான் இன்றைக்கும் பரிமாறுகிறேன். அதற்காக என்னை ஏச, இந்தப் பெரிய லண்டனில் இப்போது ஒரு மனுசர் இல்லை.