ஒரு சொட்டும் சிந்தாத டீ

மருத்துவமனை வாசல் டீக்கடையில் என் மாமனார் முழு கிளாஸ் டீயை ஒற்றைக் கையில் வாங்கிக் குடித்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருக் கடைக்காரர் கேட்காமலே அவருக்குப் பாதி கிளாஸ்தான் ஊற்றுவார். அதையும் இரண்டு கையால் பிடித்தால்தான் சட்டை தப்பும். அன்று அதைப் பார்த்துப் பூரித்துப்போனேன். பூரித்திருக்கக்கூடாது.

மாமாவுக்குப் பார்க்கின்சன் நோய். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற கொஞ்ச நாளிலேயே வலது கை ஆடத் தொடங்கியது. மாத்திரை போட்டால் சற்று நேரம் அடங்கும், வேகம் இறங்கியதும் மறுபடி ஆட்டம். மூளைக்குள் மரபணுவைச் செலுத்திப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்கு நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எங்கள் டாக்டர்தான் சொன்னார். வைரஸின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, அந்த வெறும் கூட்டில் நல்ல மரபணுவை ஏற்றி அனுப்புவார்களாம். "கண்டெய்னர்ல சரக்கு ஏத்தி வுடுறானுங்க, அவ்ளோதானே? அது எனக்குத் தெரியாதா பொண்ணே!" என்றார் மாமா. பலிக்குமா என்பது ஆராய்ச்சி செய்பவர்களுக்கே தெரியாது. ஆனாலும் அவருக்கு ஓர் ஆசை. கல்யாணப் பந்தியில் நாலு பேர் நடுவே உட்கார்ந்து, இலையில் இறைக்காமல் தன் கையால் சாப்பிடவேண்டும். கை ஆடத் தொடங்கியதிலிருந்து அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

தேர்வுக்கு முந்தின இரவிலிருந்து மாத்திரை போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நடுக்கத்தை உள்ளபடி பார்க்கவேண்டுமாம். மாமாவும் நன்றாகத் தலையாட்டினார். உள்ளே விரலைத் தட்டச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். கை ஆடவேயில்லை. மாத்திரை போட்டீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு, "இல்ல சார்" என்றார். நோய் இன்னும் முற்றவில்லை, இந்த ஆராய்ச்சிக்குப் பொருந்தமாட்டார் என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஆட்டோ கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "காலைலயே ரெண்டு மாத்திரை சேத்துப் போட்டுக்கினேன். டாக்டரு முன்னால கை ஆடுனா வுடுவானா?"

துறைமுகத்தில் வருஷா வருஷம் உடல் தகுதிச் சோதனை உண்டு. கை ஆடினாலும் கண் மங்கினாலும் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். கண் பரிசோதனைப் பலகையைக் கடைசி வரி வரை மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போன கூட்டம் அது. டாக்டர் என்றால் நோயை மறைக்கவேண்டிய ஆள் என்று ஆயுசு முழுக்கப் பழக்கிவிட்டு, ஒரே ஒரு நாள் உள்ளதைக் காட்டு என்றால் எப்படிக் காட்டுவார்? மறுநாள் போய் உள்ளதைச் சொல்லி மன்றாடினேன். மாத்திரையை மறைக்கிறவரை நம்பி மண்டையில் துளை போடமுடியாது என்றார்கள். நியாயம்தான். அந்த நியாயத்தின்மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை.

இப்போது மாமா கட்டிலோடு கிடக்கிறார். டீயை நான்தான் ஸ்பூனால் ஊட்டுகிறேன். பாதி கழுத்துத் துண்டுக்குப் போகிறது. நினைவு அங்கங்கே அறுந்துவிட்டது, அந்த ஒரு நாள் மட்டும் மறக்கவில்லை. நேற்றும் குழறிக் குழறிக் கேட்டார்: "அன்னிக்கு டாக்டரு இன்னா சொன்னாரு? என் கை ஆடுச்சா?"

துண்டால் வாயைத் துடைத்துவிட்டேன்.

"ஆடவேயில்ல மாமா. பாஸ் பண்ணிட்டீங்க."