எதை இறக்குவது என்று கேட்டவர்

காலையில் ஸ்டெல்லா பூண்டி மலைக்கிராமத்திலிருந்து போன் செய்தாள். "அங்கிள், அப்பா போயிட்டாங்க. காப்பி குடிச்சாங்க, ஜன்னலத் தொறக்கச் சொன்னாங்க. தொறந்துட்டுத் திரும்புறேன், அவ்வளவுதான். மூச்சுத் திணறல்கூட இல்ல."

நான் "அப்பாடா" என்றேன். இரங்கல் சொல்ல வேண்டிய இடத்தில் வந்துவிட்ட சொல். மன்னிப்புக் கேட்பதற்குள் அவள், "நானும் அதத்தான் அங்கிள் மொதல்ல சொன்னேன்" என்றாள்.

அவள் அப்பா தேவசகாயம் சாரைப் பூண்டியில் பலர் விமானி என்றே நம்பினார்கள். மழையில் சாலை சரிந்தால், "அய்யா, ஒங்க ஹெலிகாப்டர வரச்சொல்லுங்க" என்பார்கள். அவர் ராணுவத் தாக்குதல் ஹெலிகாப்டர்களை வடிவமைக்கும் குழுவில் எடையைக் கவனித்தவர். பிறர் ஆசையாக ஏற்றுவதை இறக்கிவைப்பது வேலை. அப்படிப்பட்டவருக்கு இத்தனை நண்பர்கள் வாய்த்தது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரு கூட்டத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார். "கவசத் தகடு தடிமனா வேணும், ராக்கெட்டு கூடுதலா வேணும், எரிபொருள் நெறைய வேணும், பனிமலை உச்சிக்கும் போகணும்னாங்க. எல்லாத்தையும் போட்டு வரைஞ்சு குடுத்தேன். கை தட்டுனாங்க. ஒரே ஒரு கொறை, இது தரையவிட்டுக் கெளம்பாதுன்னேன்." கடைசியில் விமானியின் இருக்கையைச் சுற்றியும் முக்கியமான சில பாகங்களுக்கும் மட்டும் தகடு வைத்தார்களாம். மற்ற இடங்களில் குண்டு துளைத்தாலும் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவே. "ஓட்டையோட பறந்துரலாம், பாரத்தோடதான் முடியாது" என்பார்.

பூண்டிக்கு ஆளும் மூட்டையும் ஏற்றி ஓட்டும் பாண்டியின் ஜீப்பிலும் இதே தொல்லைதான். ஒருநாள் கூரையில் இன்னொரு பூண்டு மூட்டை ஏறியதும் சார், "ஏலே பாண்டி, இதுக்கு எதை எறக்குவ?" என்று கேட்டார்.

"ஒங்களத்தாங்கய்யா. மூட்டை கேள்வி கேக்காதுல்ல."

சார் சிரித்தபடி இறங்கி நடந்தார். விடை சரியாக இருந்தால் வாதாட மாட்டார்.

சென்ற ஆண்டு சாருக்கு நுரையீரல் கெட்டது. மலைக்காற்று மெலிது, கீழே இறங்கினால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும் என்றார் டாக்டர். ஸ்டெல்லா மதுரையில் மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தாள்.

"காத்து மெலிசானா என்ஜினுக்குச் சத்து கொறையும், வாஸ்தவம். அதுக்காகக் கீழேயே நிறுத்திவச்சா அதுக்குப் பேரு பஸ்ஸும்மா."

"வெளையாடாதீங்கப்பா. ஒங்களுக்கு உயிர் வேணுமா, பூண்டி வேணுமா?"

"ரெண்டையும் ஏத்த முடியாதுன்னு சொல்லித்தானம்மா சம்பளமே வாங்குனேன்."

அவள் மதுரை ஏற்பாட்டை ரத்துசெய்து பூண்டியிலேயே தங்கினாள். அதன்பின் அவர் இருமும்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்வி: "நான் விட்டுக்கொடுத்தது தப்பா அங்கிள்? மூச்சுக்குத் தவிச்சாங்கன்னா என்னால தாங்க முடியாது." சார் மட்டும் ஜன்னலருகே நிம்மதியாக இருந்தார். பயப்படும் பொறுப்பை எங்களிடம் இறக்கிவிட்டிருந்தார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து ஏற்றம் ஈரமாகக் கிடந்தது. பெட்டியோடு நாங்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஜீப், சேற்றில் சக்கரம் சுற்றி நின்றது. பாண்டி திரும்பிப் பார்த்தான். கேட்கத் தயங்கினான். வழக்கமாகக் கேட்பவர் பெட்டிக்குள் இருந்தார்.

"எறங்குங்க அங்கிள்," என்றாள் ஸ்டெல்லா. "இந்தத் தடவை நாமதான்."

எல்லாரும் இறங்கினோம். அவரை மட்டும் சுமந்து ஜீப் சிரமமில்லாமல் ஏறியது. அது மேலே போய் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா, "அப்பாடா" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் "தப்பா அங்கிள்?" என்று கேட்கவில்லை.

சாருடைய பொருள்களில் எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னாள். "இதுக்கு எதை எறக்குவ?" என்ற அவர் கேள்வியே போதும் என்றேன். வைக்க இடம் தேட வேண்டியதில்லை.