மூன்று குடம் தண்ணீர்

செய்தி வந்தபோது நான் மீசைக்கு மை அடித்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் முடிந்து, இடது பக்கம் இன்னும் தொடங்கவில்லை. "ஒங்க பாண்டி மாமா தவறிட்டாருண்ணே" என்று போனில் சொன்னார்கள். அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எழவு வீட்டில் என் மீசையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் படுத்திருந்தார்.

பழங்காநத்தத்தில் அவருடைய கொய்யா வண்டியும் என் இளநீர் வண்டியும் ஒட்டியேதான் நிற்கும். என் வாய்க்குச் சளைக்காத மனுஷன் அவர் ஒருத்தர்தான். "எளநி வெட்ட அருவா எதுக்கு மாப்ள, ஒன் வாயே போதுமே" என்பார்.

போன வருடம் அவருக்கு டி.பி. வந்தது. ஆறு மாதம் மாத்திரை என்றார்கள். இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, காய்ச்சல் விட்டது, இட்லி கூடுதலாக இறங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை தன் மனைவியிடம், அதாவது எங்கள் அத்தையிடம், வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அம்மை இறங்கினால் ஊற்றுவோமே, அதே மாதிரி.

"மாமா, டி.பி.க்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்றேன்.

"வந்தவுகள மரியாதையா அனுப்பிவைக்கணும்டா மாப்ள. இல்லேன்னா திரும்பி வந்துருவாக."

எல்லாரும் சிரித்தோம். அத்தை மூன்று குடம் ஊற்றினார். எனக்கு இரண்டு சொம்பு கூழ் கிடைத்தது. வழியனுப்பியாச்சு, இனி மாத்திரை எதற்கு என்று மிச்சத்தை அவர் அலமாரியில் வைத்துப் பூட்டியது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

ஆடி முடிந்ததும் இருமல் திரும்பியது. இந்த முறை சளியில் ரத்தம். ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான் விளக்கினார்: "இருமல் நின்னா கிருமி போயிருச்சுன்னு அர்த்தமில்லண்ணே. கொஞ்சம் உள்ளயே பதுங்கியிருக்கும். பாதியில நிறுத்துனா அந்த மிச்சந்தான் பெருகி வரும். பழைய மருந்துக்கு அடங்காமயும் போயிரும்."

அடங்கவில்லை. புது மாத்திரைகளை ஒரு வேளை விடாமல் விழுங்கினார். உடம்பு தாங்கவில்லை. கடைசியாகப் பார்க்கப் போனபோது மூச்சு வாங்கியபடி சொன்னார்: "மரியாதை கூடிப்போச்சு மாப்ள. அதான் திரும்பி வந்துட்டாக." வாய்ப்பேச்சில் அவரிடம் நான் தோற்றது அந்த ஒரு தடவைதான்.

மிச்ச மாத்திரையை வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், இன்றைக்கே ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

பதினாறாம் நாள் அத்தை, அவர் தலையில் கட்டும் சிவப்புத் துண்டை என்னிடம் கொடுத்தார். என்னிடம் இருக்கும் பாண்டி மாமா அதுதான். வீட்டுக்கு வந்து, என் வெள்ளை வேட்டிகளோடு சேர்த்து வெந்நீரில் ஊறப்போட்டேன். எல்லாம் ரோஸ் கலராகிவிட்டது. மூன்று தண்ணீர் மாற்றி அலசினேன். போகவில்லை. இப்போது ரோஸ் வேட்டியோடுதான் இளநீர் வெட்டுகிறேன்.