முழுக்கைச் சட்டைக்குள் ஒரு வாட்ச்

ஆறுமுகநேரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா உப்பளத்தில் வேலை பார்ப்பவர். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. நின்றுபோன வாட்ச் ஒன்றைக் கழற்றித் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பழைய வாட்ச்சுக்குத் தினமும் சாவி கொடுக்கணும் தம்பி. உப்பு அரிச்ச விரலுக்கு அந்தத் திருகு பிடிபட மாட்டேங்கு. தானா ஓடும்னு மவன் துபாய்ல இருந்து இதைக் கொடுத்துவிட்டான். இதும் நின்னுட்டு."

வாங்கிப் பார்த்தேன். "இது சோலார் வாட்ச்க்கா. சட்டைக்குள்ளயே கிடந்தா ஓடாது. வெயில்ல காட்டணும்."

"சட்டைய ஏத்திவிட்டா கை வெந்துரும். விடிஞ்சதுல இருந்து வெயில்லதான நிக்கேன், இதுக்குன்னு தனியா வேற நிக்கணுமா?"

வாட்ச்சை ஜன்னல் பக்கம் நீட்டினேன். ஜன்னலோர வெயில் பட்டு, என் கையிலேயே முள் நகரத் தொடங்கியது. அக்கா சிரித்தபடி வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார்.